எழுத்துப் பெட்டியின் பழைய தோல்

கேட்டதை மட்டும் செய்து கொடுத்துவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். இதைத்தான் அவள் பிற்பாடு நூறு தடவை தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். ஆனால் சும்மா இருப்பது எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. கை துறுதுறுவென்று இருக்கிற ஆட்களுக்கு அது சுத்தமாக வராது.

அவளுக்குக் கைராசி என்று பெயர் வைத்திருந்தார்கள். வாடிக்கைக்காரர் யாரோ வைத்தது, அப்படியே ஒட்டிக்கொண்டது. அவளும் அவள் வீட்டுக்காரரும் நடத்துவது பழைய மர எழுத்துப் பெட்டிகளைப் பழுது பார்த்து விற்கிற கடை. மூடினால் சின்ன சூட்கேஸ் அளவுக்கு ஒரு மரப்பெட்டி, திறந்து விரித்தால் சாய்வான எழுதுபலகை. பலகைமேல் தோல் ஒட்டியிருக்கும். பலகையைத் தூக்கினால் அடியில் காகிதம் வைக்க ஓர் அறை. மேல் பக்கத்தில் பேனா தட்டு, இரண்டு மைக்கூடு. பயணம் போகிறவர்கள் மேசையைக் கையோடு தூக்கிக்கொண்டு போன காலத்துச் சாமான். இன்றைக்கு வக்கீல் மேசையிலும் பல் டாக்டர் வரவேற்பறையிலும் அழகுக்கு உட்கார்ந்திருக்கிறது.

கடை வாசலில் வீட்டுக்காரர் கொட்டை எழுத்தில் 'பெட்டிக் கடை' என்று எழுதி வைத்துவிட்டார். தினம் ரெண்டு பேராவது வந்து மிட்டாயோ தீப்பெட்டியோ கேட்டுவிட்டு, உள்ளே எட்டிப் பார்த்து, வீடு மாறி நுழைந்துவிட்ட முகத்தோடு திரும்பிப் போவார்கள். ஆனாலும் அவர் போர்டை மாற்றவில்லை. எழுத்து அழகாக விழுந்திருக்கிறதாம்.

மரமும் பித்தளையும் அவர் வேலை, தோல் அவள் வேலை. இந்தப் பாகப்பிரிவினை கல்யாணமான முதல் வருஷத்திலேயே முடிந்துவிட்டது. ஒருத்தர் வேலையில் இன்னொருத்தர் மூக்கை நுழைப்பதில்லை.

லிஃப்ட்காரர் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். அறுபதைத் தொட்டிருப்பார். மாடிக் கட்டடங்களில் லிஃப்ட் பழுது பார்க்கிற மெக்கானிக் என்று சட்டைப் பையில் தைத்திருந்த கம்பெனி அடையாளமே சொன்னது. பெட்டியைப் பழைய போர்வையில் சுற்றி, கைக்குழந்தையைத் தூக்கி வருகிற மாதிரி கொண்டுவந்து மேசைமேல் வைத்தார்.

"என் வீட்டுக்காரி பொட்டிம்மா. இப்ப அவ இல்ல. கீல் ரெண்டும் போச்சு, விரிச்சா மட்டமா உக்கார மாட்டேங்குது. பூட்டும் சிக்குது. அது மட்டும் பாத்துக் குடுத்தா போதும்."

"வச்சிட்டுப் போங்கண்ணே. ஒரு வாரத்துல தரேன்," என்றாள் கைராசி.

அவள் ரசீது எழுதுவதற்குள் அவர் கண் கடையின் இரும்பு ஷட்டருக்குப் போய்விட்டது. இரண்டு வருஷமாகப் பாதியில் நின்று மல்லுக்கட்டுகிற ஷட்டர் அது. தினமும் காலையில் அவளும் வீட்டுக்காரரும் ஆளுக்கொரு பக்கம் தொங்கி, பரஸ்பரம் திட்டிக்கொண்டுதான் அதைத் தூக்குவார்கள். லிஃப்ட்காரர் ஒன்றும் கேட்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினார். பையிலிருந்து ஒரு திருப்புளியும் எண்ணெய்க் குப்பியும் வெளியே வந்தன. பத்து நிமிஷத்தில் ஷட்டர் ஒற்றை விரலுக்குப் பணிந்து மேலே போனது.

காசு கொடுக்கப் போனதற்குக் கையை ஆட்டி மறுத்துவிட்டார். "கண்ணு முன்னாடி ஒரு சாமான் சிக்கிக்கிட்டு நின்னா எனக்குச் சோறு இறங்காதும்மா."

நம்ம ஆளு என்று கைராசிக்கு அந்த நிமிஷமே தோன்றிவிட்டது. வினையே அங்கேதான் ஆரம்பித்தது.

கீலையும் பூட்டையும் வீட்டுக்காரர் ஒரே நாளில் முடித்துக் கொடுத்துவிட்டார். பெட்டி மட்டமாக விரிந்து உட்கார்ந்தது. அப்போதுதான் அவள் பலகைமேல் இருந்த தோலைச் சரியாகக் கவனித்தாள். கவனித்தாள் என்றால், தொழில்காரி பார்க்கிற மாதிரி: ஓரம் கிழிந்திருக்கிறது, நடுவில் கறுத்துப் போயிருக்கிறது, முழுக்கக் கீறலும் பள்ளமுமாக இருக்கிறது. இந்த மனுஷன் நமக்கு ஷட்டர் சரி பண்ணிக் கொடுத்தார், நாம் ஒரு தோல் போட்டுக் கொடுத்தால் குறைந்தா போய்விடுவோம் என்று நினைத்தாள். கூலி வேண்டாம். சொல்லவும் வேண்டாம். பெட்டியைத் திறந்ததும் அவர் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும்.

வெந்நீரில் துணியை நனைத்துத் தோல்மேல் விரித்தாள். அரை மணி நேரம் ஊறினால் அடியில் இருக்கிற பழைய பசை இளகும். அந்த அரை மணி நேரமும் ரேடியோவில் யாரோ ஒருத்தர் நேயர்களுக்கு ஜோக் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் சிரித்துக்கொண்டே மழுங்கிய கத்தியால் தோலை நெம்பி உரித்து, சுருட்டி, கழிவு டின்னில் போட்டாள். பிறகு நல்ல அரக்கு நிறத்தில் புதுத் தோல், ஓரத்தில் தங்கக் கோடு. மேலே கனமான பலகை வைத்து, நாலு இரும்புக் கட்டியை ஏற்றிக் காய வைத்தாள்.

"எப்படி?" என்று வீட்டுக்காரரைக் கேட்டாள்.

"கல்யாணப் பொண்ணு மாதிரி இருக்கு," என்றார் அவர். அவர் வாயிலிருந்து இந்த மாதிரி வார்த்தை வருஷத்துக்கு ஒரு தடவை விழுந்தால் அதிகம்.

மறுநாள் வியாழக்கிழமை. பத்து மணிக்கு லிஃப்ட்காரர் அரக்கப் பரக்க வந்து நின்றார். வேலைக்கு நடுவில் வந்திருக்கிறார், கையெல்லாம் கிரீஸ்.

"ஒண்ணு சொல்ல மறந்துட்டேன்மா. நெனப்பு வந்ததுல இருந்து வேலை ஓடல. அந்தத் தோல் இருக்கு பாருங்க, அதுல மட்டும் கை வெச்சிராதீங்க. தொடைக்கக்கூட வேணாம்."

கைராசி உள் அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "ஏண்ணே?" என்றாள்.

அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். முன்பின் தெரியாத இடத்தில் சொல்கிற கதை இல்லைதான். ஆனால் சில பேருக்கு முன்பின் தெரியாத இடத்தில்தான் வாய் வருகிறது.

"அவளுக்குத் தொண்டையில ஆபரேஷன். ரெண்டு வருஷம் பேச்சே இல்ல. எது வேணும்னாலும் அந்தப் பொட்டிய மடியில வெச்சு, துண்டுக் காகிதத்துல எழுதித்தான் காட்டுவா. அவ வேலை பாத்த வக்கீல் குடுத்தது அது. பேனாவை அந்த அழுத்து அழுத்துவா. காகிதத்துல எழுதினது அத்தனையும் தோல்லயும் பதிஞ்சிருக்கு, எழுத்து மேல எழுத்தா." கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒருநாள் சாயங்காலம் நான் வேலை முடிஞ்சு அலுத்துப் போய் வரேன். டாக்டருக்கு ஏன் போன் பண்ணல, பொண்ணுகிட்ட ஏன் பேசலன்னு எழுதிக் காட்டிக்கிட்டே இருந்தா. எழுதி எழுதி என் உசுர வாங்காதன்னு கத்தி, பொட்டியப் புடுங்கி பீரோ மேல வெச்சிட்டேன். அவளுக்கு எட்டாது. விடியிற வரைக்கும் எடுத்துக் குடுக்கலம்மா."

கைராசி ரேடியோவை அணைத்தாள்.

"காலைல அவளுக்கு மூச்சு வாங்க ஆரம்பிச்சிருச்சு. ஆம்புலன்சுக்குச் சொல்லிட்டு, பொட்டிய எடுத்து மடியில வெச்சேன். காகிதம் தேடிப் போனேன். திரும்பி வரதுக்குள்ள, பேனா மூடியக்கூடக் கழட்டாம, தோல் மேலயே அழுத்தி என்னமோ எழுதிட்டா. என்னைப் பாத்துட்டுப் பேனாவக் கீழ வெச்சிட்டா. அப்புறம் நாலு நாள் ஆஸ்பத்திரி. அங்க ஒண்ணும் எழுதல. அவ கடைசியா எழுதினது அதுதான். என்னைத் திட்டினாளா, வேற எதாவதா, தெரியல. எட்டு மாசமா தடவித் தடவிப் பாக்குறேன், பிடிபடல. எங்க ஆபீஸ்ல ஒருத்தர் சொன்னாரு, தோலை மட்டமா வெச்சு, லைட்டைப் பக்கவாட்டுல அடிச்சுப் போட்டோ எடுத்தா எழுத்து தனித்தனியாத் தெரியுமாம். அதுக்குத்தான் கீல் போடக் குடுத்தேன்."

அவள் வாயைத் திறந்தாள். உள் அறையில், நாலு இரும்புக் கட்டிக்குக் கீழே, அந்தப் பெட்டி கல்யாணப் பெண் மாதிரி கிடக்கிறது. இப்போது சொல்லிவிட வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது.

"அதுக்கென்ன சார், சனிக்கிழமை வந்து வாங்கிக்கோங்க," என்று பின்னாலிருந்து வீட்டுக்காரர் சொல்லிவிட்டார்.

லிஃப்ட்காரர் போனதும் கைராசி கழிவு டின்னைத் தரையில் கவிழ்த்தாள். தோல் இருந்தது, கிழியாமல் முழுசாக இருந்தது. ஒரு நொடி அவளுக்கு உயிர் வந்தது. அப்புறம் விரித்துப் பார்த்தாள். வெந்நீரில் ஊறிய தோல் உப்பி, பிறகு காய்ந்து, விறைத்துப் போயிருந்தது. பள்ளமெல்லாம் எழும்பிச் சமமாகியிருந்தது. டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தாள். ஜன்னல் பக்கம் கொண்டு போய்ப் பார்த்தாள். கண்ணை மூடிக்கொண்டு தடவியும் பார்த்தாள். ஓர் எழுத்து இல்லை. அவள் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதாள்.

வீட்டுக்காரர் கொஞ்ச நேரம் விட்டுவிட்டு வந்தார். "அழுதா எழுத்து திரும்பி வருமா? வேற வழியப் பாரு."

"என்ன வழி இருக்கு? போய்ச் சொல்லணும்."

"என்னன்னு சொல்லுவ? உங்க சம்சாரம் கடைசியா எழுதினத வெந்நி ஊத்திக் கழுவிட்டேன்னா? அந்த மனுஷன் தாங்குவாரா? உன் கைல இல்லாத வித்தையா? வயசு ஏத்திடு."

வயசு ஏற்றுவது என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். ஒரு பெட்டியின் தோல் வீணாகிவிட்டால், அதே காலத்து இன்னொரு பெட்டியின் தோலை எடுத்து ஒட்டி, மைக்கறை, தேய்மானம், கீறல் எல்லாம் கையாலேயே உண்டாக்குவார்கள். இந்தத் தொழிலில் யாரும் அதை ஏமாற்று என்று சொல்வதில்லை. வாங்குகிறவர்களும் கேட்பதில்லை. கைராசி வயசு ஏற்றிய தோலின்மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு எத்தனையோ பெரிய மனிதர்கள் போட்டோவுக்குச் சிரித்திருக்கிறார்கள். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

முதலில் மாட்டேன் என்றாள். அன்று சாயங்காலம் வரைக்கும் மாட்டேன் என்றாள். வெள்ளிக்கிழமை காலையில் தன் கையாலேயே அந்தப் புதுத் தோலை உரித்தாள்.

பெட்டியில் முன்பு இருந்த அதே கரும்பச்சை நிறத்தில் ஒரு பழைய தோல் அலமாரியில் இருந்தது. எழுத்துக்கு என்ன செய்வது? பேனா தட்டைத் தூக்கினபோது அடியில் மூன்று துண்டுக் காகிதங்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. மற்றதையெல்லாம் லிஃப்ட்காரர் எடுத்து வைத்திருப்பார். இவை தப்பிவிட்டன போலிருக்கிறது. 'ஜன்னலைத் திறங்க' என்று ஒன்று. 'மாத்திரை தீர்ந்துடுச்சு' என்று ஒன்று. 'பரவாயில்லை, நீங்க தூங்குங்க' என்று ஒன்று. நல்ல உருண்டையான கையெழுத்து. தோலை லேசாக ஈரமாக்கி, எலும்பில் செய்த மழுங்கிய ஊசியால் அழுத்தி அழுத்தி எழுதினாள். ஜன்னல், மாத்திரை, தூக்கம், பாதி வார்த்தை, கால் வார்த்தை, ஒன்றின்மேல் ஒன்றாக. யாராலும் படிக்க முடியாத நெரிசலாக இருக்க வேண்டும் என்றுதான் நினைத்தாள். முடித்துத் தள்ளி நின்று பார்த்தபோது நடுவில் கொஞ்சம் இடம் வெறுமையாகத் தெரிந்தது. அது கண்ணை உறுத்தியது. அங்கே, துண்டில் இருந்தபடியே, 'பரவாயில்லை' என்று மட்டும் ஒரு தடவை அழுத்தினாள். வளைவும் சுழியுமாக வார்த்தை அழகாக இருந்தது, தோலில் நன்றாக விழும் என்று தோன்றியது. அவ்வளவுதான் காரணம். அதற்குமேல் அவள் யோசிக்கவில்லை. காகிதத் துண்டுகளைப் பழையபடி தட்டுக்கு அடியில் வைத்தாள்.

சனிக்கிழமை லிஃப்ட்காரர் வந்தார். பெட்டியை விரித்தார், மூடினார், பூட்டைத் திருகினார். தோல்மேல் உள்ளங்கையை வைத்தார்.

"கொஞ்சம் நிறம் மாறின மாதிரி இருக்கே?"

"தூசு மட்டும் தட்டினோம்ணே," என்றாள் கைராசி. பொய் இவ்வளவு சுலபமாக வருமா என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

அவர் கும்பிட்டுவிட்டுப் போனார். அன்றைக்கு அவளுக்குச் சாப்பாடு செல்லவில்லை. ஒரு வாரம் போனது, மெல்ல மறக்க ஆரம்பித்தாள். பழைய தோலை மட்டும் தூக்கிப் போட மனசு வராமல் துணியில் சுற்றி இழுப்பறையில் வைத்தாள்.

மூன்றாவது வாரம் அவர் மறுபடி வந்தார். இந்தத் தடவை நடையே வேறு. கையில் பெரிதாக அச்சடித்த ஒரு போட்டோ. அதை மேசைமேல் விரித்து, நடுவில் விரலை வைத்தார்.

"கெடச்சிருச்சும்மா! பாருங்க. எல்லாத்துக்கும் மேல, கடைசியா எழுதினது. 'பரவாயில்லை'ன்னு எழுதியிருக்கா." அவர் சிரித்தார். கண்ணிலிருந்து தண்ணீர் பொலபொலவென்று கொட்டியது, அதைத் துடைக்கவும் இல்லை. "நான் அவ வாயப் புடுங்கி பீரோ மேல வெச்சேன். அவ பரவாயில்லன்னு சொல்லிட்டுப் போயிருக்கா. எட்டு மாசம் கழிச்சு நேத்துதாம்மா அசந்து தூங்கினேன்."

அவள் அவர் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லு, சொல்லு என்று உள்ளே ஏதோ இடித்தது. தூங்கினேன் என்று சொன்ன மனுஷனிடம் எதைச் சொல்வது?

"என் பொண்ணு இருக்காளே, அவங்க அம்மா போனதுல இருந்து என்கிட்ட முகம் குடுத்துப் பேசல. பொட்டியப் புடுங்கின விஷயத்த நானே அவகிட்ட சொன்னேன், அதுல இருந்து. நாளைக்கு இதத் தூக்கிட்டுப் போய்க் காட்டப் போறேன். அவங்க அம்மாவே மன்னிச்சிருக்கா, இவளுக்கு என்ன?"

அவர் போன பிறகு, "பாத்தியா, நல்லதாத்தான் முடிஞ்சிருக்கு," என்றார் வீட்டுக்காரர். அவள் அவரைப் பார்த்த பார்வையில் அவர் பித்தளையைத் துடைக்கப் போய்விட்டார்.

பன்னிரண்டு நாள் கழித்து ஒரு மத்தியானம், ஆபீஸ் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிய ஒரு பெண் அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைக்குள் வந்தாள். யார் என்று கேட்கவே வேண்டியதில்லை. அப்பாவின் முகம் அப்படியே இருந்தது.

"அக்கா, இதுக்குக் கீல் போட்டது நீங்கதானே? ரசீது உள்ள இருந்துச்சு."

"ஆமாம்மா. உக்காரு."

அவள் உட்காரவில்லை. பெட்டியை விரித்து, பேனா தட்டுக்கு அடியிலிருந்து ஒரு காகிதத் துண்டை எடுத்தாள். அதைத் தோலின் நடுவில், அந்த வார்த்தைக்கு நேர் கீழே வைத்தாள். சுழிக்குச் சுழி, வளைவுக்கு வளைவு, ஒரே அச்சு.

"யாரும் ஒரு வார்த்தைய ரெண்டு தடவை இவ்வளவு ஒண்ணா எழுத மாட்டாங்க. இது இந்தத் துண்டப் பாத்து வரைஞ்சது. வேற யாரு, எங்க அப்பாதான்." அவள் குரல் நிதானமாக இருந்தது. "அம்மாகிட்ட இருந்து பொட்டியப் புடுங்கினதக்கூட, போனாப் போவுது, அவரும் மனுஷன்தானேன்னு மன்னிக்கலாம்னு இருந்தேன். இப்ப அம்மா கையெழுத்தையே போட்டு எடுத்துட்டு வராரு. இனிமே என் வீட்டு வாசப்படி ஏறாதீங்கன்னு சொல்லிட்டேன். நான் எழுதலன்னு அழுறாரு. எனக்கு ஒண்ணு மட்டும் தெரியணும். இந்தப் பொட்டி இங்க வந்தப்ப, தோல்ல இந்த எழுத்து இருந்துச்சா? நீங்க வெளியாள், நீங்க சொன்னா நம்புறேன்."

இருந்தது என்று சொன்னால், முன்பே எழுதிவிட்டுக் கொண்டுவந்தார் என்று ஆகும். இல்லை என்று சொன்னால், பின்னால் எழுதினார் என்று ஆகும். எப்படிச் சொன்னாலும் அந்த மனுஷன் தலையில்தான் விழும். கைராசி வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"உங்க அப்பா எழுதலம்மா," என்றாள். "நான் எழுதினேன்."

அப்புறம் எல்லாவற்றையும் சொன்னாள். ஷட்டரில் ஆரம்பித்து, வெந்நீர், புதுத் தோல், வயசு ஏற்றியது, வெறும் இடம் கண்ணை உறுத்தியது வரைக்கும். ஒன்றையும் மென்று முழுங்கவில்லை. சொல்லி முடிக்கும்போது அந்தப் பெண் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள்.

"அப்ப அப்பாவுக்கு எதுவும் தெரியாதா?"

"தெரியாது. நெசம்னு நம்பிட்டாரு."

"நான் அவரை என்னென்ன சொல்லிட்டேன்," என்று அவள் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். கோபப்பட்டுக் கத்துவாள், பெட்டியை எடுத்து எறிவாள் என்று கைராசி எதிர்பார்த்தாள். அப்படி ஏதாவது நடந்திருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அவள் எழுந்து பெட்டியை மூடினாள். "நீங்களே வந்து அவர்கிட்ட சொல்லுங்கக்கா. என்னால சொல்ல முடியாது."

வீட்டுக்காரர் எழுந்து சட்டையை மாட்டப் போனார். "நானும் வரேன்."

"வேணாம். தோல் என் வேலை," என்றாள் கைராசி. இழுப்பறையிலிருந்து துணிச் சுருளை எடுத்துக்கொண்டாள்.

லிஃப்ட்காரர் குடியிருந்த கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. ஊர் லிஃப்டையெல்லாம் ஏற்றி இறக்குகிறவர் மூன்று மாடி ஏறித்தான் வீட்டுக்குப் போக வேண்டும். கைராசி மகளுக்குப் பின்னால் படி ஏறினாள்.

கதவைத் திறந்தவர் மகளைப் பார்த்ததும் அப்படியே நின்றார். உள்ளே கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் அந்தப் போட்டோவை ஒட்டி வைத்திருந்தது வாசலிலிருந்தே தெரிந்தது.

"அப்பா, நான் பேசினது தப்புப்பா. நீங்க எழுதல. இப்பத்தான் தெரிஞ்சுது," என்றாள் மகள்.

அவர் முகம் மலர்ந்ததை எப்படிச் சொல்ல. மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு, அவளுக்குப் பின்னால் நின்ற கைராசியைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். "நீங்கதான் எடுத்துச் சொன்னீங்களாம்மா? நீங்க நல்லா இருக்கணும். உள்ள வாங்க, வாங்க."

திரும்பி ஓடிவிடலாமா என்று இருந்தது அவளுக்கு. உள்ளே போய் உட்கார்ந்தாள். அவர் கொண்டுவந்து கொடுத்த தண்ணீரைக் குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு சொன்னாள். இரண்டாம் தடவை சொல்வது சுலபமாக இருக்கும் என்று யார் சொன்னார்களோ, அவர்களுக்கு ஒன்றும் தெரியாது.

அவள் சொல்லி முடித்ததும் லிஃப்ட்காரர் சுவரில் இருந்த போட்டோவைப் பார்த்தார். பிறகு போய் அதை நாலு மூலையிலும் நிதானமாகப் பிரித்து எடுத்து, சுருட்டி, பீரோவுக்குள் வைத்தார். மகள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"என்னைத் திட்டுங்கண்ணே," என்றாள் கைராசி.

"திட்டி என்னம்மா ஆவப்போவுது. எனக்கு நல்லது பண்ணணும்னுதானே செஞ்சீங்க." வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். பத்து நிமிஷத்தில் பத்து வயசு கூடினவர் மாதிரி இருந்தார். "அந்தப் பழைய தோலு?"

அவள் துணிச் சுருளைப் பிரித்து அவர் மடியில் வைத்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, விறைத்துப்போன அந்தத் தோலின்மேல் ஒவ்வொரு விரலாக, மேலிருந்து கீழே, இடமிருந்து வலமாகத் தடவிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். ஒன்றும் இல்லை.

பிறகு தலையை நிமிர்த்தினார். முகத்தில் இன்னும் கொஞ்சம் ஆசை பாக்கி இருந்தது. அவளால் அதைத்தான் பார்க்க முடியவில்லை.

"வெந்நி ஊத்தறதுக்கு முன்னாடி நீங்க பாத்திருப்பீங்கல்ல? கடைசியாக் கையில வெச்சிருந்தது நீங்கதான். உங்களுக்கு இதுல பழகின கண்ணு. ரெண்டு மூணு எழுத்தாவது பட்டிருக்கும்."

இப்போதும் ஏதாவது சொல்லலாம். ஓர் எழுத்து, ஒரு சுழி, ஏதோ ஒன்று. அவர் அதை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"பாக்கலண்ணே," என்றாள். "உரிக்கும்போது நான் அதப் பாக்கவே இல்ல."

"ஒரு எழுத்துகூடவா?"

"ஒரு எழுத்துகூட இல்லண்ணே."